கிமுரா சுமையா? குராமே 1954, ஷார்ப் சகோதரர்கள் ஆட்டம்

வாசகர் ஒருவர் தொடங்கியது: 2024 பிப்ரவரி 17

1954 பிப்ரவரி 19 அன்று டோக்கியோவின் குராமே அரங்கில் நடந்த டேக் டீம் குஸ்தியின் பழைய துண்டுப்படம் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் முன்னாள் சுமோ வீரர் ரிகிடோசான், ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா. எதிர்ப்பக்கம் சகோதரர்கள் பென் ஷார்ப், மைக் ஷார்ப். என் கட்சி இதுதான்: கிமுரா வெறும் சுமை. அடி வாங்குவதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ரிகிடோசான் தனியாக மோதியிருந்தால் அரை மணியில் முடித்திருப்பார். மறுப்பவர் உண்டா?

பிப்ரவரி 17, இரவு 11.20

உண்டு. தனியாக மோதியிருந்தால் அது டேக் ஆட்டமே இல்லை. இருவர் அணியில் ஒருவன் உள்ளே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றவன் கயிற்றுக்கு வெளியே கையை நீட்டியபடி துடிக்க வேண்டும். கூட்டம் காசு கொடுப்பது அந்தத் துடிப்புக்கு. உள்ளே அடி வாங்க ஆள் இல்லையென்றால் வெளியே கை நீட்டுகிறவனுக்கு என்ன வேலை? தூக்கம் வருகிறது. மீதி நாளை.

பிப்ரவரி 18, காலை 9.05

மீதி.

குராமே சுமோவின் வீடு. சுமோவில் ஒரு மோதல் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். உட்கார்ந்து, உப்புத் தூவி, முறைத்து, மறுபடி உட்கார்ந்து, பாய்ந்தால் முடிந்தது. ஜூடோவும் ஒருவருக்கு ஒருவர்தான். அந்த அரங்கில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு முன்னால் 61 நிமிடம், மூன்று சுற்றில் இரண்டு வென்றால் வெற்றி, ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர் என்று ஒரு புது விளையாட்டைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இதன் இலக்கணம் தெரிந்தவர்கள் கூட்டத்தில் மிகச் சிலராகத்தான் இருந்திருப்பார்கள்.

இலக்கணம் என்ன? ஒரு நேரத்தில் ஒருவன்தான் உள்ளே. வெளியே நிற்பவன் தன் மூலையை விட்டு நகரக் கூடாது. உள்ளே இருப்பவனின் கை அவன் கையைத் தொட்டால் ஆள் மாறும். ஆனால் நடுவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காத கைமாற்றம் செல்லாது. கொடுமையெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்துதான் முளைக்கிறது. கிமுரா தவழ்ந்து வந்து கையைத் தொடுகிறார், நடுவரோ அந்த நேரம் மற்ற சகோதரனோடு வாதாடிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரங்கம் முழுவதும் பார்த்துவிட்டது, பார்க்க வேண்டிய ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. ரிகிடோசான் உள்ளே பாய்கிறார். நடுவர் திரும்பி அவரை வெளியே போகச் சொல்கிறார். அவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் இரண்டு சகோதரர்களும் சேர்ந்து கிமுராவை மொத்துகிறார்கள். நியாயமாக நடப்பவன் தண்டிக்கப்படுகிறான், அதற்கு அவனுடைய நியாயமே காரணமாகிறது. சுமோவில் இப்படி ஒரு காட்சிக்கு இடமே இல்லை.

உயரத்தையும் பாருங்கள். ஷார்ப் சகோதரர்கள் ஆறரை அடிக்கு ஒட்டியவர்கள். கிமுரா ஐந்தடி ஏழு அங்குலம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்கலாம்.

அணிக்கு ஒரு சுற்று. நேரம் தீர்ந்தது. சமன். நீங்கள் சொல்வதுபோல அரை மணியில் முடித்திருந்தால் மீதி அரை மணி கூட்டம் வீட்டுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 18, காலை 9.40

ஒன்று விட்டுவிட்டேன். அடி வாங்கியவர் யார் என்பது தெரிந்தால்தான் அடி வலிக்கும். கிமுரா ஜப்பானின் தலைசிறந்த ஜூடோ வீரர்களில் ஒருவர், குமாமோட்டோக்காரர். 1951 அக்டோபரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் பிரேசிலின் ஜியு-ஜிட்சு வீரர் எலியோ கிரேசியின் கையை முறுக்கிப் பிடித்தார். கிரேசி பணிய மறுத்தார். கடைசியில் அவருடைய பக்கத்தார் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் பிடிக்கு இன்று உலகம் முழுவதும் பெயரே கிமுராதான். சுமை என்று நீங்கள் சொன்ன ஆளின் பெயரைத்தான் கலப்புத் தற்காப்புப் போட்டி வர்ணனையாளர்கள் வாரம் தவறாமல் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 18, பிற்பகல் 2.15

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்கர்களை ஜப்பானியர் அடித்ததால்தானே இவ்வளவு ஆரவாரம்?"

ஆமாம், அப்படித்தான் பார்த்தார்கள். போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆக்கிரமிப்பு ஆட்சி 1952 ஏப்ரலில்தான் முடிந்திருந்தது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. தெருவில் அமெரிக்கச் சிப்பாய் இன்னும் நடந்துகொண்டிருக்கிறான். அரங்கத்தில் ஒரு நெட்டை வெள்ளைக்காரன் ரிகிடோசான் கையைக் கத்திபோல வீசும் கை வெட்டில் சரிகிறான். வேறென்ன வேண்டும்?

ஆனால் ஷார்ப் சகோதரர்கள் அமெரிக்கர்கள் இல்லை. கனடாவின் ஹாமில்டனைச் சேர்ந்தவர்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கம் பட்டம் வைத்திருந்ததால் அமெரிக்கர்களாகக் கணக்கில் வந்துவிட்டார்கள். மூத்தவர் பென், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கனடாவின் எண்மர் படகில் துடுப்புப் போட்டவர்.

ரிகிடோசானும் அன்றைய கூட்டம் நினைத்த ஆள் இல்லை. இன்று வடகொரியாவில் இருக்கும் பகுதியில் கிம் சின்-ராக் என்ற பெயரில் பிறந்தவர். நாகசாகி பக்கத்து ஒமுராவில் பிறந்ததாகத்தான் வெளியில் சொல்லப்பட்டது. அவருடைய சாவுக்குப் பிறகுதான் அவர் கொரியர் என்பது பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரிந்தது. ஆக, ஜப்பான் அமெரிக்காவைப் பழிவாங்கிய அந்த இரவில் மேடையில் நின்ற நாலு பேர்: இரண்டு கனடாக்காரர்கள், ஒரு கொரியர், ஒரே ஒரு ஜப்பானியர். அந்த ஒரே ஜப்பானியர்தான் விழுந்து விழுந்து அடி வாங்கினார். இதைக் கதையாக எழுதிக் கொடுத்தால் எந்த ஆசிரியரும் மிகை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பிப்ரவரி 19, இரவு 9.30

இன்றைக்கு எழுபது ஆண்டு. நான் இருப்பது டோக்கியோவின் நிஷிகசாயில். வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் ஷிம்பாஷி ரயில் நிலையத்தில் போய் இறங்கினேன்.

மேற்கு வாசல் சதுக்கத்தில் ஒரு கறுப்பு நீராவி எஞ்சின் நிற்கிறது. 1972 முதல் அங்கேதான். அதன் அடியில் கையில் டப்பா பீர் வைத்துக்கொண்டு அலுவலகக்காரர்கள் யாருக்காகவோ காத்திருப்பார்கள். தொலைக்காட்சியில் யாரையாவது நிறுத்திப் பேட்டி எடுக்க வேண்டுமென்றால் இந்தச் சதுக்கத்துக்குத்தான் வருவார்கள்.

1954இல் தொலைக்காட்சியே இங்கேதான் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நாட்டில் ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. பிப்ரவரியில் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., ஆகஸ்டில் தனியார் நிலையமான நிப்பான் டி.வி. என்.எச்.கே. தொடங்கிய நாளில் கட்டணம் கட்டியிருந்த வீடுகள் 866. பெட்டி விலை சாதாரண ஊழியனின் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டும். நிப்பான் டி.வி.யை நடத்திய மட்சுதாரோ ஷோரிகி வேறொரு கணக்குப் போட்டார். விளம்பரம் கொடுப்பவருக்கு எத்தனை பெட்டி என்பது முக்கியமில்லை, எத்தனை கண் என்பதுதான் முக்கியம். நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் பூங்காக்களிலும் உயரமான மேடை கட்டிப் பெட்டிகளை வைத்தார். குராமே ஆட்டத்தன்று ஷிம்பாஷியில் மட்டும் இருபதாயிரம் பேர் கூடியதாகச் சொல்வார்கள்.

இருபதாயிரம் என்பதை அங்கே நின்று எண்ணிப் பார்த்தேன். சதுக்கம் ஒன்றும் பெரிதில்லை. எஞ்சினுக்கும் நிலையச் சுவருக்கும் இடையில் நடந்தால் ஒரு நிமிடம். பெட்டியோ கறுப்பு வெள்ளை, இன்றைய மடிக்கணினித் திரையைவிடக் கொஞ்சம் பெரியது. பின்வரிசையில் நின்றவனுக்கு ஒரு தபால்தலை அளவில் ஏதோ அசைந்திருக்கும்.

பிப்ரவரி 20, காலை 7.10

நேற்று நின்றுகொண்டிருந்தபோது தோன்றியது, எழுத மறந்தேன். தபால்தலை அளவில் பார்ப்பவனுக்கு டேக் ஆட்டத்தைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை. பந்து தெரியாது, முகம் தெரியாது. ஆனால் உயரமான இரண்டு உருவமும் குட்டையான ஓர் உருவமும், மூலையில் கை நீட்டும் இன்னோர் உருவமும் தெரியும். கை நீட்டுகிறவருக்குக் கறுப்பு நீளக் காற்சட்டை வேறு. கால்கள் கறுப்பாக இருப்பவர் ரிகிடோசான். இது போதும்.

பிப்ரவரி 20, இரவு 10.50

"முடிவு முன்பே பேசி வைத்ததுதானே? பேசி வைத்த ஆட்டத்தில் என்ன நாடகம்?" என்று ஒருவர். நாடகம் எல்லாமே பேசி வைத்ததுதான் ஐயா.

என் பாட்டி ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் கேபிள் இணைப்பு வந்த புதிதில், நாங்கள் பள்ளியில் மல்யுத்த வீரர்களின் படச் சீட்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்த காலத்தில், பாட்டிதான் எங்களைவிடத் தீவிரமாகக் குஸ்தி பார்த்தாள். இது பொய் என்று அவளிடம் நான் விளக்கினேன். தெரியும் என்றாள். பிறகு ஏன் நடுவரைத் திட்டுகிறாய் என்று கேட்டேன். பொய்யாகவே இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் நடப்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அந்தச் சீட்டுக் காலத்தில் அயர்ன் மைக் ஷார்ப் என்று ஒருவர் இருந்தார். முன்கையில் தோல்கட்டுப் போட்டுக்கொண்டு எல்லோரிடமும் தோற்பவர். குராமேயில் ஆடிய மைக் ஷார்ப்பின் மகன். அப்பா வைத்திருந்த பட்டங்களுக்கு மகன் தோற்றே கணக்கைச் சரிசெய்துவிட்டார்.

பிப்ரவரி 24, இரவு 8.00

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். மாதம் ஒருமுறை குப்பை பிரிக்கும் விதிகளை எனக்கு மறுபடி கற்றுக்கொடுப்பார். இன்று அவரிடம் ரிகிடோசான் என்று சொன்னேன். முகம் மாறிவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார்.

பள்ளிச் சிறுவனாக ஷிம்பாஷிக்கு அப்பாவோடு போனாராம். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். கழுத்துகள் என்றார். முன்னால் நின்றவர்களின் கழுத்துகள். அப்பாவுக்கு முதுகுவலி, தோளில் ஏற்றிக்கொள்ள முடியவில்லை. ஆனால் எப்போது என்ன நடந்தது என்று கழுத்துகளை வைத்தே தெரிந்ததாம். எல்லாக் கழுத்தும் ஒரே நேரத்தில் முன்னே நீண்டால் கிமுரா மாட்டிக்கொண்டார். எல்லாம் ஒரே நேரத்தில் பின்னே சாய்ந்தால் ரிகிடோசான் உள்ளே வந்துவிட்டார்.

சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்து, வலது கையை விரித்து, கத்திபோலக் காற்றில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினார். இந்த வயதில் அந்தக் கைக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

வாசகரே, உங்கள் கேள்வியை அவரிடம் கேட்டேன். கிமுரா சுமையா? கொஞ்சம் யோசித்து, கிமுரா பாவம் என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 25, மாலை 5.30

குராமே போனேன். அரங்கம் 1984இல் மூடப்பட்டது. சுமோ போட்டிகள் சுமிதா ஆற்றுக்கு அக்கரையில் ரியோகோகுவுக்குப் போய்விட்டன. அந்த இடத்தில் இப்போது மாநகரக் கழிவுநீர்த் துறையின் கட்டடம். சுற்றி வந்தேன், பார்க்க ஒன்றுமில்லை. பக்கத்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மட்டும் சுமோ வீரர்களின் உருவங்கள் இருக்கின்றன. மஞ்சள் நிறப் பாலம். டேக் ஆட்டக்காரன் ஒருவனும் அதில் இல்லை.

ரிகிடோசானுக்கு அந்த அரங்கம் பழைய வீடு. சுமோவின் மூன்றாவது உயர்ந்த நிலையான செகிவாகே வரை உயர்ந்த வீரர் அவர். 1950இல் தன் குடுமியைத் தானே அறுத்துக்கொண்டு சுமோவை விட்டார். கட்டட வேலை மேற்பார்வை பார்த்தார். 1951இல் குஸ்திக்கு வந்தார். ஹவாயில் பயிற்சி எடுத்தார். நாலு ஆண்டுக்குள் அதே கூரையின் கீழ் திரும்பி வந்து நிற்கிறார், களிமண் வட்டத்துக்குப் பதில் கயிறு கட்டிய சதுரத்தில். அந்தக் கை வெட்டுக்குக் கராத்தே என்று பெயர் வைத்தார்கள். எனக்கென்னவோ அதில் பாதிக்குமேல் சுமோவின் உள்ளங்கை அறைதான் என்று படுகிறது.

பிப்ரவரி 26, நள்ளிரவு 12.40

பெரியவர் சொன்ன அந்த "பாவம்" தூங்கவிடவில்லை. முதல் குறிப்பில் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அடி வாங்குகிறவன்தான் ஆட்டத்தை நடத்துகிறான் என்ற பொருளில் மிக எளிதாக எழுதிவிட்டேன். கைதட்டல் பங்கு பிரியும்போது அவனுக்கு என்ன கிடைத்தது என்று யோசிக்கவே இல்லை.

குராமேயில் அந்த மூன்று நாள், பிறகு ஊர் ஊராகச் சுற்றுப்பயணம். கிமுரா மாட்டிக்கொள்வதும் ரிகிடோசான் காப்பாற்றுவதும் தொடர்ந்தன. மரக்கானாவில் கையை முறுக்கியவர் இங்கே ஒவ்வோர் இரவும் யாராவது வந்து காப்பாற்ற வேண்டியவர் ஆனார். அணி உடைந்தது. அந்த நவம்பரில் கிமுரா பத்திரிகையில் வெளிப்படையாகவே சொன்னார்: ரிகிடோசானுடையது காட்சிக் குஸ்தி, உண்மையாக மோதினால் நான் தோற்க மாட்டேன் என்ற பொருளில்.

1954 டிசம்பர் 22, அதே குராமே. இந்த முறை இருவரும் எதிரெதிரே. முதல் ஆட்டம் சமன் என்று பேசி வைத்திருந்ததாகக் கிமுரா பின்னாளில் எழுதினார். அடுத்தடுத்த ஆட்டங்களில் யார் வெல்வது என்பதைக் கல்-காகிதம்-கத்தரிக்கோல் போட்டு முடிவு செய்வதாக ஏற்பாடாம். பதினைந்து நிமிடம் கடந்ததும் ரிகிடோசானின் அடிகள் நிஜமாயின. கிமுரா இடுப்புக்குக் கீழே உதைத்ததாக ரிகிடோசான் தரப்பு சொன்னது. படத்தில் அந்த உதை ஒரு தொடுதல்போலத்தான் தெரிகிறது. அதன் பிறகு விழுந்த அறைகளைப் பார்த்தால் தொடுதல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிமுரா முகம் குப்புறக் கிடந்தார்.

பத்து மாதம் முன்பு அவர் விழுந்தபோதெல்லாம் மூலையில் ஒரு கை நீண்டது. இப்போது அந்தக் கைதான் அடித்தது.

பிப்ரவரி 26, காலை 8.15

இரவில் எழுதியதன் கடைசி இரண்டு வரி கொஞ்சம் அதிகம். இருக்கட்டும், அழிக்கவில்லை.

மார்ச் 1, இரவு 9.10

தலைப்பை விட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிங்காங் - தாரா சிங் ஆட்டங்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரில் தங்கிவிட்ட அதே கிங்காங்தான் 1955 நவம்பரில் ஜப்பானுக்குப் போய் ரிகிடோசானோடு ஆசியப் பட்டத்துக்கு மோதித் தோற்றார். ஆனால் ஆசிய டேக் பட்டம் என்று புதிதாக ஒன்று அப்போது தொடங்கியதே, அதை முதலில் வென்றது கிங்காங்கும் டைகர் ஜோகிந்தர் சிங்கும். ஜப்பானில் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு பட்டத்தின் பட்டியலில் முதல் வரி ஒரு பஞ்சாபிக்காரரின் பெயர். தனி ஆளாக ரிகிடோசானை அசைப்பது கடினம், ஜோடியாக வந்தால் வழி உண்டு என்று ஷார்ப் சகோதரர்களிடம் கற்றுக்கொண்டார்களோ என்னவோ.

மார்ச் 3, பிற்பகல் 1.00

முக்கியமான திருத்தம். கீழ்த்தளப் பெரியவரிடம் என் பிப்ரவரி 24 குறிப்பைச் சொல்லிக் காட்டினேன், தட்டுத்தடுமாறி ஜப்பானிய மொழியில். கவனமாகக் கேட்டார். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து, பற்களுக்கிடையே காற்றை இழுத்தார். இங்கே யாராவது அப்படி இழுத்தால் ஏதோ தவறு என்று பொருள்.

கழுத்துகள் உண்மை. அப்பாவின் முதுகுவலி உண்மை. ஆனால் அது ஷிம்பாஷியா என்று இப்போது சந்தேகமாம். அவர்கள் வீடு அப்போது உயேனோ பக்கம். அங்கேயும் தெருத் தொலைக்காட்சி இருந்தது. எல்லோரும் ஷிம்பாஷி ஷிம்பாஷி என்று சொல்லிச் சொல்லி, தானும் அங்கே நின்றதாகவே ஆகிவிட்டிருக்கலாம் என்கிறார். அதைவிட மோசம்: கிமுரா மாட்டிக்கொண்டது பிப்ரவரி ஆட்டத்தில் பார்த்ததா, அல்லது வேறு கூட்டாளியோடு பிறகு நடந்த ஆட்டமா என்பதும் உறுதியில்லை.

ஆகவே அந்தச் சாட்சியத்தை நான் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். கை வெட்டை மட்டும் குறைக்க மாட்டேன். அதை நான் நேரில் பார்த்தேன்.

மார்ச் 3, இரவு 11.30

வேறு கூட்டாளி என்றதும் நினைவு வந்தது. 1956 மே மாதம் ஷார்ப் சகோதரர்கள் மறுபடி வந்தார்கள். ஒசாகாவில் ரிகிடோசான் அவர்களிடமிருந்து உலக டேக் பட்டத்தைப் பறித்தார். இரண்டு வாரத்தில் சப்போரோவில் திருப்பிக் கொடுத்தார். ஒசாகாவில் மூலையில் நின்ற கூட்டாளி யார்? கோகிச்சி எண்டோ. அவரும் ஜூடோவிலிருந்து வந்தவர். ஆளை மாற்றினார்கள், வேலையை மாற்றவில்லை.

பட்டம் வென்ற அந்த ஆட்டத்தைப் பற்றி இன்று யாரும் இழை தொடங்குவதில்லை. சமனில் முடிந்த 1954 ஆட்டத்துக்குத்தான் இத்தனை பேர் வந்து சண்டை போடுகிறோம்.

மார்ச் 6, காலை 7.45

இழையைத் தொடங்கிய வாசகர் நேற்று எழுதியிருக்கிறார்: "துண்டுப்படத்தை மறுபடி பார்த்தேன். சுமை என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அரை மணியில் முடித்திருப்பார் என்பதில் மாற்றமில்லை."

நல்லது. நானும் பாதி இறங்கி வருகிறேன். முடித்திருப்பார் என்பது சரியாக இருக்கலாம். டிசம்பரில் கிமுராவையே பதினாறு நிமிடத்துக்குள் முடித்தவர்தானே.

ஞாயிறு இக்கேகாமி ஹோன்மோன்ஜி கோயிலுக்குப் போகிறேன். ரிகிடோசானின் சமாதி அங்கேதான். 1963 டிசம்பரில் அகசாகா இரவு விடுதி ஒன்றில் கத்திக்குத்துப் பட்டு ஒரு வாரத்தில் இறந்தார், 39 வயது. கிமுரா அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முப்பது ஆண்டு இருந்தார். சமாதியில் மார்பளவுச் சிலை ஒன்று உண்டு, படத்தில் பார்த்திருக்கிறேன். கைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கீழ்த்தளப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், முதுகு ஒத்துழைத்தால். அவருக்கும் இப்போது அப்பாவின் அதே முதுகுவலி.